பூட்டான்: ஒரு இரவுக்கு 1200 ரூபாய் வரி கட்டிப் போகலாமா?

பூட்டான் போய்வந்தேன் என்றதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். தலைக்கு ஒரு இரவுக்கு 1200 ரூபாய் வரியாமே, அப்படி என்னதான் இருக்கிறது அங்கே, அதே இமயமலையைச் சிக்கிமில் சும்மாவே பார்க்கலாமே? நியாயமான கேள்விதான். 2022 செப்டம்பரிலிருந்து இந்தியர்கள் தங்குகிற ஒவ்வோர் இரவுக்கும் இதைக் கட்டியாக வேண்டும். 6 முதல் 12 வயது வரை பாதி, அதற்குக் கீழே இலவசம். கணவன், மனைவி, எட்டு வயதுப் பிள்ளை என்று ஒரு குடும்பம் ஆறு இரவு தங்கினால் இது மட்டுமே 18,000 ரூபாய், ஓட்டல், வண்டி, சாப்பாடு எதையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வருகிறவருக்கு இதே வரி ஒரு இரவுக்கு 100 டாலர் என்று தெரிந்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் மனம் ஆறியது.

என் பதில் இதுதான். கட்டிப் போகலாம், ஆனால் ஏஜென்சிக்காரர்கள் கையில் தருகிற திட்டத்தோடு போகாதீர்கள். அவர்கள் விற்பது கிட்டத்தட்ட ஒரே அச்சு: திம்புவில் இரண்டு மூன்று இரவு, பாரோவில் இரண்டு இரவு, நடுவில் புனாக்காவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவது. இரவுக்குத்தானே காசு கட்டுகிறோம், அந்த இரவுகளை நகரத்து ஓட்டலில் டிவி பார்த்துக் கழிப்பதற்கு ஏன் 1200? இதைத் தலைகீழாக்குங்கள். திம்புவில் ஒரே இரவு, புனாக்காவில் இரண்டு, போப்ஜிக்கா பள்ளத்தாக்கில் ஒன்றோ இரண்டோ, மிச்சம் பாரோ. வண்டிக்காரர் முகத்தைச் சுளிப்பார், ஏஜென்சி "அங்கே ஒன்றும் இல்லை சார், குளிர்தான்" என்பார்கள். காதில் வாங்க வேண்டாம்.

திம்புவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊரின் மேலே மலையில் உட்கார்ந்திருக்கும் 51.5 மீட்டர் வெண்கலப் புத்தர் பிரமாண்டம்தான், உள்ளே 1,25,000 சின்னப் புத்தர் சிலைகள் அடுக்கியிருக்கிறார்கள், ஆனாலும் எனக்கு அந்த இடம் ரொம்பப் புதிதாக, பளபளப்பாகத் தெரிந்தது. அதைவிட மூன்றாம் மன்னர் நினைவாக 1974இல் கட்டிய மெமோரியல் சோர்ட்டனில், அதாவது நினைவு ஸ்தூபியில், காலை ஏழு மணிக்குப் போய் ஒரு ஓரமாக உட்காருங்கள். வயதானவர்கள் ஒரு கையில் ஜபமாலை, இன்னொரு கையில் சுழலும் ஜபச் சக்கரம் என்று சுற்றிக்கொண்டே இருப்பார்கள், நடுவில் நின்று பேசுவார்கள், பிளாஸ்க்கில் கொண்டுவந்த டீயைக் குடிப்பார்கள், மறுபடி சுற்றுவார்கள். நம்மூர் கோயில் பிராகாரம்தான், கொஞ்சம் கம்பளி போர்த்தியிருக்கிறது. அப்புறம் போக்குவரத்து விளக்கே இல்லாத தலைநகரம் என்று எல்லோரும் படம் எடுப்பார்களே, அந்தப் போலீஸ்காரர் நிற்கும் கூண்டு, நீங்களும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிட வேலை.

திம்புவில் நாங்கள் தங்கிய ஓட்டல், பெயர் வேண்டாம், மூன்று நட்சத்திரம். அறை பெரிது, மெத்தை அருமை, ஆனால் ஒரே ஒரு ஹீட்டர், அதுவும் கட்டிலுக்கு நேர்எதிரே இல்லாமல் குளியலறைக் கதவுப் பக்கம். இரண்டாவது கேட்டால் தனிக்காசு. கீழ்த்தளத்தில் கராவோகே நள்ளிரவு வரை. அது ஓய்ந்ததும் நாய்கள். தெருநாய்கள் அத்தனைக்கும் கருத்தடை செய்து முடித்துவிட்டோம் என்று 2023இல் அறிவித்த நாடு இது, பாராட்ட வேண்டியதுதான், ஆனால் குரைப்பதற்கு யாரும் தடை போடவில்லை. திம்புவில் எங்கே தங்கினாலும் கடைத்தெருவைப் பார்த்த அறை வேண்டாம், பின்பக்கம் கொடுங்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

திம்புவிலிருந்து புனாக்கா போகும் வழியில் டோச்சுலா கணவாய், 3100 மீட்டர் உயரம். 108 சோர்ட்டன்கள் வரிசையாக நிற்கும் அந்த மேட்டில் எல்லா வண்டியும் நிற்கும். 2003 டிசம்பரில் தெற்கு எல்லைக் காடுகளில் முகாமிட்டிருந்த அசாம் தீவிரவாதிகளை விரட்டிய சண்டையில் இறந்த பூட்டான் வீரர்களின் நினைவாகக் கட்டியவை அவை. பெரும்பாலானவர்கள் தெரியாமலே அதன் நடுவில் குதித்துக் குதித்து ரீல்ஸ் எடுக்கிறார்கள். வானம் தெளிவாக இருந்தால் வடக்கே பனிமலைத் தொடர் முழுக்கத் தெரியும், அதில் காங்கர் புன்சும் என்று ஒன்று, 7570 மீட்டர், இதுவரை மனிதன் ஏறாத மலைகளிலேயே உயரமானது. ஏறவும் முடியாது, 2003லிருந்து மலையேற்றத்தையே அந்த நாட்டில் முற்றிலும் தடை செய்துவிட்டார்கள், சிகரங்கள் தெய்வங்களின் இருப்பிடம் என்பது அவர்கள் நம்பிக்கை. மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது. ஓட்டுநர் "இன்னும் பத்து நிமிடம் பாருங்கள், திறக்கும்" என்பார், திறக்காது. காலை ஒன்பது மணிக்குள் போனால் வாய்ப்பு அதிகம்.

டோச்சுலா தாண்டி இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டிவரும். புனாக்கா சுமார் 1200 மீட்டர்தான், நெல் விளைகிற, வாழை நிற்கிற ஊர். இங்கேதான் இரண்டு இரவு வேண்டும் என்கிறேன். புனாக்கா ஜோங், அதாவது கோட்டையும் மடமும் அரசு அலுவலகமும் ஒன்றாக இருக்கிற கட்டடம், 1637இல் ஆரம்பித்தது, போ சூ, மோ சூ என்ற இரண்டு ஆறுகள் சேர்கிற முக்கில் நிற்கிறது. 1950கள் வரை நாட்டின் தலைநகரம் இதுதான், இப்போதைய மன்னரின் திருமணம் 2011இல் நடந்ததும் இங்கேதான். பகல்பயணமாக வருகிறவர்கள் நண்பகலில் வந்து குவிவார்கள், வெயில் சுவரில் பட்டுக் கண் கூசும். நீங்கள் ஊரிலேயே தங்கினால் சாயங்காலம் போகலாம். மூடியிட்ட மரப்பாலம் வழியாக ஆற்றைத் தாண்டி, செங்குத்தான மரப்படிகளில் ஏறி உள்ளே போனால் முதல் முற்றத்தில் ஒரு பெரிய போதி மரம். அண்ணாந்து பாருங்கள், சன்னல்களின் கீழே ஆளுயரத்துக்குத் தேனடைகள் தொங்கும், மலைத்தேனீ. யாரும் கலைப்பதில்லை. கடைசியில் இருக்கிற நூறு தூண் மண்டபத்தில் புத்தரின் வாழ்க்கையைச் சுவர் முழுக்க வரைந்திருக்கிறார்கள், வழிகாட்டி நல்லவராக அமைந்தால் அங்கேயே ஒரு மணி நேரம் போய்விடும். முழுக்கை, காலர் வைத்த சட்டை, முழுக்கால் உடை வேண்டும், தொப்பி கூடாது. அரைக்கால் சட்டையில் வந்த ஒரு கூட்டத்தை எங்கள் கண்ணெதிரே திருப்பி அனுப்பினார்கள்.

பக்கத்திலேயே சிமி லாகாங். வயல்வரப்பில் இருபது நிமிட நடை. துருக்பா குன்லே என்ற கிறுக்குச் சாமியாரோடு சேர்ந்த கோயில், குழந்தை வேண்டும் என்று தம்பதிகள் வருவார்கள், வழியில் உள்ள வீட்டுச் சுவர்களில் எல்லாம் ஆண்குறி ஓவியம், கடைகளில் மரத்தில் செதுக்கியும் விற்கிறார்கள். மாமியாரோடு போகிறவர்கள் மனதைத் தயார்படுத்திக்கொண்டு போங்கள். என் அம்மா ஒரு நிமிடம் முறைத்துவிட்டு, "லிங்கம் மாதிரி நினைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தார், பிரச்சினை தீர்ந்தது.

புனாக்காவில் ஓட்டல்கள் பெரும்பாலும் மலைச்சரிவில் இருக்கின்றன, பால்கனியில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், ஆனால் வெளியே காலாற நடக்க வழி இருக்காது, எல்லாவற்றுக்கும் வண்டி வேண்டும். ஆற்றங்கரைப் பக்கமோ, வயலுக்கு நடுவில் உள்ள பண்ணை வீடோ கிடைத்தால் அதை எடுங்கள். பண்ணை வீட்டில் சூடான கல் குளியல் கேளுங்கள், சில மணி நேரம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். ஆற்றுக் கூழாங்கல்லை விறகு நெருப்பில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, நீளமான மரத்தொட்டியின் ஒரு முனையில் இடுக்கியால் போடுவார்கள். தொட்டிக்கு நடுவில் ஓட்டை போட்ட பலகை, இந்தப்பக்கம் நாம், அந்தப்பக்கம் கல். கல் விழும்போது தண்ணீர் சீறுகிற சத்தத்தில் முதலில் பயமாக இருக்கும். தண்ணீரில் போடுகிற தழை நம்மூரில் மாலையில் வைத்துக் கட்டுகிற மாசிப்பத்திரி வகை, அதே வாசம். சூடு குறைந்தால் வெளியே ஆளைக் கூப்பிட்டால் இன்னொரு கல் வரும். பெரிய விடுதிகளில் இதையே ஸ்பா என்று பெயர் மாற்றிப் பல மடங்கு வாங்குகிறார்கள். கல் ஒன்றுதான்.

இனி போப்ஜிக்கா. அங்கே போகும் பாதை வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு உட்காருங்கள். கடைசிக் கணவாயில் யாக் மாடுகள் மேயும், அப்புறம் திடீரென்று மலைகள் விலகி, அகலமான, மரமே இல்லாத, புல்லும் சதுப்புமான ஒரு பள்ளத்தாக்கு. சுமார் 2900 மீட்டர். அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் இங்கே வந்து தங்குகின்றன. அவற்றின் இறக்கையில் படக்கூடாது என்பதற்காக மின்கம்பிகளை மண்ணுக்கு அடியில் கொண்டுபோயிருக்கிறார்கள், கம்பம் இல்லாத பள்ளத்தாக்கு என்பது எவ்வளவு வித்தியாசமாகக் கண்ணுக்குத் தெரிகிறது என்பதைப் போய்ப் பார்த்தால்தான் புரியும். நவம்பர் 11 அன்று காங்டே மடத்து முற்றத்தில் கொக்குத் திருவிழா, பள்ளிப் பிள்ளைகள் கொக்கு வேடம் போட்டு ஆடுவார்கள், அந்தத் தேதியை ஒட்டி அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. மடத்துப் பக்கமிருந்து இறங்கி, பைன் காடு வழியாக ஓடையோரம் முடிகிற நடைபாதை ஒன்று உண்டு, பெரும்பாலும் இறக்கம், இரண்டு மணி நேரம் போதும், மூட்டுவலிக்காரர்கள்கூட மெதுவாக நடக்கலாம்.

இங்கே கட்டாயம் விவசாயி வீட்டில்தான் தங்க வேண்டும் என்பது என் கட்சி. பள்ளத்தாக்கு முழுக்க உருளைக்கிழங்கு விவசாயம், வீடுகள் இரண்டு அடுக்கு, அகலமான மரச்சன்னல், வீட்டிலேயே நல்ல அறையைப் பூஜைக்கு ஒதுக்கியிருப்பார்கள். நமக்குத் தரையில் மெத்தை, அதன்மேல் இரண்டு மூன்று கனமான போர்வை. குளியலறை சில வீடுகளில் அறையை ஒட்டி, சில வீடுகளில் வெளியே, முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள், இரவு உறைபனியில் வெளியே போவது வயதானவர்களுக்கு ஆகாது. அறையில் ஹீட்டர் பெயருக்குத்தான் இருக்கும். உண்மையான சூடு சமையலறையில் புகாரி என்கிற விறகடுப்பைச் சுற்றித்தான், அதனால் வீட்டுக்காரர்களும் விருந்தாளிகளும் வண்டி ஓட்டுநரும் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருப்போம். வீட்டுப் பாட்டிக்கும் என் அம்மாவுக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது, ஆனாலும் கீரை ஆய்வதில் ஆரம்பித்து எதையோ பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த இரவு உணவு: சிவப்பரிசிச் சோறு, உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்த கேவா தட்ஷி, காய்ந்த முள்ளங்கித்தழை போன்ற ஒரு கீரை, பருப்பு. சைவக்காரர்களுக்கு இந்த நாட்டில் சாப்பாட்டுக் கஷ்டம் இல்லை. எமா தட்ஷிதான் தேசிய உணவு, மிளகாயைத் தாளிக்கப் போடாமல் அதையே காயாக நறுக்கிப் பாலாடைக்கட்டியில் கொதிக்க வைத்தது. காரம் எங்களுக்குப் பழக்கம் என்று மீசையை முறுக்காதீர்கள், முதல் நாள் கால் கரண்டியில் ஆரம்பியுங்கள். சுஜா என்கிற உப்பு வெண்ணெய்த் தேநீரை டீ என்று நினைத்துக் குடித்தால் பிடிக்காது, சூப் என்று நினைத்துக் குடித்தால் பிடிக்கும், கூடவே தருகிற வறுத்த அரிசியை அதில் போட்டுக்கொள்ள வேண்டும். சந்தையில் கயிற்றில் கோத்து வெள்ளைக் கட்டிகளாகத் தொங்கும் சுகோவை வாங்கினால் பல் பத்திரம், யாக் பாலில் செய்து காயவைத்த பாலாடைக்கட்டி அது, கடித்தால் உடையாது, ஒரு கட்டியை வாயில் அடக்கிக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வரும். நகர ஓட்டல்களில் இந்தியச் சாப்பாடு என்று தருகிற பஃபே எல்லா இடத்திலும் ஒரே ருசி, மஞ்சள் பருப்பு, காலிஃபிளவர், நூடுல்ஸ். அலுத்துவிடும்.

பாரோவில் தக்‌ஷாங், எல்லோரும் காலண்டரில் பார்த்த அந்தப் புலிக்குகை மடம். பெயருக்கு ஏற்ற இடமா என்றால் ஆமாம், சந்தேகமே வேண்டாம். குரு பத்மசம்பவர் புலிமேல் பறந்து வந்து தவம் செய்த குகை என்பது ஐதீகம், மடத்தை 1692இல் கட்டினார்கள், 1998இல் தீப்பிடித்து எரிந்து, மறுபடி பழையபடியே எழுப்பியது இப்போது இருப்பது. கீழேயே நுழைவுச்சீட்டு வாங்கிவிட வேண்டும், தலைக்கு 2000 ரூபாய், மேலே கொடுக்க மாட்டார்கள். வண்டி நிற்கிற இடம் சுமார் 2600 மீட்டர், மடம் 3120. ஐந்நூறு மீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் அந்த உயரத்தில் மூச்சு வேறு மாதிரி வேலை செய்கிறது. பாதி வழியில் ஒரு தேநீர் விடுதி, அதுவரை குதிரை கிடைக்கும், அதற்குமேல் கால்தான். எதிர்மலையில் மடம் நேராகத் தெரிகிற முனைக்கு வந்ததும் "வந்துவிட்டோம்" என்று எல்லோரும் உட்கார்ந்துவிடுகிறார்கள், இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. நூற்றுக்கணக்கான படி கீழே இறங்கி, அருவிச் சாரலில் ஒரு சின்னப் பாலம் தாண்டி, மறுபடி படியேறினால்தான் வாசல். திரும்பி வரும்போது இறங்கின படியெல்லாம் ஏற வேண்டும். ஃபோன், கேமரா, பை எல்லாவற்றையும் வாசலில் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது, உள்ளே யாரும் யாரையும் நகரச் சொல்வதில்லை. காலை ஏழரைக்குள் ஏற ஆரம்பியுங்கள், மதியம் ஒரு மணிக்கு மேல் உணவு இடைவேளைக்கு மூடுவது வழக்கம். அறுபதைத் தாண்டியவர்கள் தேநீர் விடுதியோடு நின்றுகொள்ளலாம், அங்கிருந்தே காட்சி பிரமாதம், அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஒன்று மட்டும், தக்‌ஷாங்கை முதல் நாளே வைக்காதீர்கள், உடம்பு உயரத்துக்குப் பழகிய பிறகு, கடைசியில் வையுங்கள்.

பாரோவில் தங்குவதற்கு மலைமேல் "வியூ" என்று விற்கும் ஓட்டலைவிட ஆற்றுப் பக்கம் நல்லது, விமான நிலையம் இந்த ஊரில்தான் என்றாலும் விமானம் பகலில் மட்டும்தான், அதனால் இரவில் சத்தம் கிடையாது. ஆளுக்கு ஆள் மாறும் விலை என்பதால் எண் சொல்லத் தயங்குகிறேன், ஆனால் மூன்று நட்சத்திரத்துக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம் அங்கே பெரும்பாலும் வரவேற்பறையில்தான் இருக்கிறது. அமன்கோரா, சிக்ஸ் சென்சஸ் மாதிரி சொகுசு விடுதிகள் பள்ளத்தாக்குக்கு ஒன்றாக நிற்கின்றன, ஒரு இரவு வாடகையில் நம் மொத்தக் குடும்பப் பயணமே முடிந்துவிடும், நான் வெளியே நின்று பார்த்ததோடு சரி. நேரம் மிஞ்சினால் செலே லா கணவாய் வரை ஒரு நடை, 3988 மீட்டர், அந்தப்பக்கம் ஹா பள்ளத்தாக்கு, 2002 வரை வெளிநாட்டவர்களை விடாத இடம், இன்னமும் கூட்டம் குறைவு.

காகித வேலை. இந்தியர்களுக்கு விசா இல்லை, நுழைவு அனுமதி உண்டு. அதற்குக் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அல்லது வாக்காளர் அடையாள அட்டை. ஆதார் செல்லாது, இதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் ஆதாரோடு வந்து எல்லையில் நிற்பார். பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். திம்பு, பாரோ தாண்டிப் போவதென்றால் உரிமம் பெற்ற வழிகாட்டி வேண்டும் என்பது நாங்கள் போனபோது இருந்த விதி, கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் நாணயமான நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு, 100 ரூபாய் நோட்டாகக் கொண்டுபோனால் எங்கேயும் மறுபேச்சு இல்லை. அவர்கள் கடிகாரம் நம்மைவிட அரை மணி நேரம் முன்னால், விமானத்துக்குக் கிளம்பும்போது ஞாபகம் இருக்கட்டும்.

சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது, கொல்கத்தாவிலோ டெல்லியிலோ பாக்டோக்ராவிலோ மாற வேண்டும். செலவைக் குறைக்க வேண்டுமானால் ரயிலில் ஹாசிமாரா இறங்கி, ஜெய்கான் வழியாக எல்லை தாண்டிப் பூன்ட்ஷோலிங், அங்கிருந்து திம்புவுக்கு ஐந்தாறு மணி நேர மலைப்பாதை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்த வழி வேண்டாம், மண்சரிவில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். மற்ற மாதங்களில் நான் இதைத்தான் சொல்வேன். 1961லிருந்து அந்த நாட்டில் சாலை போட்டுவரும் நம் எல்லைச் சாலை அமைப்பின் டன்டக் பிரிவினர் வழியில் கேன்டீன் நடத்துகிறார்கள், மசால் தோசை கிடைக்கும். சாம்பார் சுமார், சட்னி பரவாயில்லை, ஆனால் ஊர் திரும்பும் வழியில் எங்கள் வண்டியில் இருந்த ஒருவரும் அதைக் குறை சொல்லவில்லை.